பூனை சனிக்கிழமை வரை தாங்குமா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: பூனைகளுக்குப் பொதுவாக என்னென்ன நோய்கள் வரும், எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும்? கேள்வி பொதுவாகத்தான் தொடங்குகிறது. கடைசி நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது. அவருடைய நாலு வயது ஆண் பூனை நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அடிக்கடி குளியலறை மூலையில் போய்க் குந்துகிறது, ஒன்றும் வருவதில்லை. மாமியார் மலச்சிக்கல் என்கிறார், விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறார். கார் சனிக்கிழமைதான் கிடைக்கும், அதிலும் ஈப்போ வரை போக வேண்டும். ஆக, அவர் கேட்பது நோய்ப் பட்டியல் அல்ல. சனிக்கிழமை வரை காத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி.

காத்திருக்க வேண்டாம், சகோதரி. இன்றே போங்கள். பக்கத்து வீட்டில் யாரிடமாவது கார் கேளுங்கள். மீதியை வண்டியில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நான் கால்நடை மருத்துவர். 19 வருடமாகப் பேராக்கின் சிறிய ஊர்களில் பூனை, நாய், ஆடு, மாடு எல்லாம் பார்த்து வருகிறேன். தொட்டுப் பார்க்காத பூனைக்கு இன்ன நோய் என்று எழுத்தில் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தி, சிறுநீர் ஒரு சொட்டும் வராமல் எழுந்து போனால், அடைப்பு இல்லை என்று நிரூபணம் ஆகும் வரை அதைச் சிறுநீர் அடைப்பு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனிப்பக்கம் போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். சளி போன்ற கசடோ, மணல் போன்ற உப்புத் துகளோ அங்கே போய் அடைத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பை நிரம்பி வழியில்லாமல் நிற்கும்போது சிறுநீரகமும் வேலையை நிறுத்திவிடும். வெளியே போக வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் ஏறும், ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பெண் பூனைக்குக் குழாய் அகலம் என்பதால் இப்படி அடைப்பது அரிது. காயடித்த ஆண் பூனைக்கும் இது வரும்.

மாமியார் சொன்னது தப்பான ஊகம் என்று சொல்ல மாட்டேன். மலம் இறுகிய பூனையும் இதே மாதிரிதான் குந்தும், முக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், இரவு பத்து மணிக்கு ஒருவர் போன் செய்து, பூனைக்கு இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றார். சிறுநீர் போகிறதா என்று நான் கேட்கவில்லை. காலையில் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். காலையில் அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார்கள், உடம்பு ஏற்கெனவே சில்லிட்டிருந்தது. அடிவயிற்றில் கை வைத்ததும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் போன் செய்தாலும், எந்த நோய் என்றாலும், என் முதல் கேள்வி ஆணா பெண்ணா, இரண்டாவது கேள்வி கடைசியாக எப்போது சிறுநீர் போனது.

நேரத்தில் வந்தால் இது பெரும்பாலும் காப்பாற்றக்கூடிய நோய். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி தன் பேரனின் பள்ளிப் பையில் பூனையை வைத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தார். மேசையில் வைத்து அடிவயிற்றைத் தொட்டேன். சிறுநீர்ப்பை எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக, கல் மாதிரி இறுகியிருந்தது. மயக்கம் கொடுத்து மெல்லிய குழாயை நுழைத்தபோது முதலில் மணல் மணலாக ஒரு கசடு வந்தது, பிறகு காப்பித் தண்ணீர் நிறத்தில் சிறுநீர் பீய்ச்சியது. மூன்று நாள் சேலைன் ஏற்றி வைத்திருந்து அனுப்பினேன். அந்தப் பூனை இன்றும் இருக்கிறது. வீட்டில் நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: அந்த உருண்டையை அழுத்திச் சிறுநீரை வெளியே தள்ளப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடும். விளக்கெண்ணெயும் வேண்டாம்.

இது ஏன் வருகிறது என்பதில் முழுத் தெளிவு மருத்துவ உலகத்துக்கே இன்னும் இல்லை. சில பூனைகளுக்கு உப்புத் துகள் காரணம். பலவற்றுக்குத் துகளே இல்லாமல் பை மட்டும் அழன்று போகிறது. வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, பக்கத்து வீட்டுப் பூனை வாசலில் வந்து நிற்பது போன்ற மன அழுத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று தெரிகிறது. தண்ணீர் அதிகம் உள்ளே போனால் மறுபடி வரும் வாய்ப்பு குறைகிறது. அதனால் காய்ந்த பிஸ்கட்டை மட்டும் நம்பாமல் ஈரமான உணவும் கொடுக்கச் சொல்கிறேன்.

இனி உங்கள் பொதுக் கேள்விக்கு வருகிறேன். பூனை கத்தினால்தான் நோய், கத்தாவிட்டால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் தோட்டத்திலும் உண்டு, தாமான் குடியிருப்பிலும் உண்டு. பூனை எலிக்கு எமன்தான், ஆனால் நாய்க்கும் மலைப்பாம்புக்கும் அதுவே இரை. பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதன் சுபாவத்தில் ஊறிப்போனது. வலியில் இருக்கும் பூனை உறுமிக்கொண்டு, அதாவது நாம் சந்தோஷம் என்று நினைக்கும் அந்தக் குர்ர் சத்தத்தோடு, மடியில் படுத்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சத்தத்தை நம்பாதீர்கள், முகத்தைப் பாருங்கள். பூனை முகத்தில் வலியைப் படிக்க 2019-இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை என ஐந்து இடங்கள். காது பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கு-வாய்ப் பகுதி இறுகியிருக்கிறதா, மீசை விறைத்து முன்னால் நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படித்துவிட்டு உங்கள் பூனை நன்றாக இருக்கும் நாளில் அதன் முகத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஒப்பிட அது உதவும்.

என் அனுபவத்தில் வீட்டுக்காரர்கள் தினமும் கவனிக்க வேண்டியது மூன்றுதான்: உள்ளே போவது, வெளியே வருவது, மூச்சு. சாப்பாட்டை ஒரு வேளை ஒதுக்கினால் நான் பதற மாட்டேன். ஒரு நாள் முழுக்க எதையுமே தொடவில்லை என்றால் போன் செய்யுங்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய் இறங்கி, கல்லீரலே செயலிழக்கலாம். பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று நாய்க்குச் சிலர் செய்வதைப் பூனைக்குச் செய்யாதீர்கள். மூச்சுக்கு, தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது ஒன்று. 30-க்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து அதைத் தாண்டினால் காட்ட வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், அது சிறுநீர் அடைப்பு அளவுக்கே அவசரம். திடீரென்று அலறி, பின்னங்கால் இரண்டும் இழுபட்டு, பாதம் சில்லிட்டுப் போனாலும் அப்படித்தான். அடிபட்டது என்று நினைத்துக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் இதய நோயால் உண்டான இரத்தக் கட்டி காலுக்குப் போகும் நாளத்தை அடைத்திருக்கும்.

தோட்டத்தில் வாழும் பூனைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. செம்பனைப் பழத்தை எலி கடிப்பதால் எலி மருந்து வைப்பார்கள், மெழுகுக்கட்டி மாதிரி இருக்கும். அந்த மருந்தில் பெரும்பாலானவை உடம்பில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுத்து, இரத்தம் உறையாமல் செய்கின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள் தீர்ந்துபோக நாள் பிடிக்கும், அதனால் அறிகுறி மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுக்கும், பூனை சோர்ந்துபோகும், மூச்சு வாங்கும், மூக்கிலோ மலத்திலோ இரத்தம் வரலாம். மருந்து தின்ற எலியைத் தின்ற பூனை எல்லாம் சாவதில்லை, நாயைவிடப் பூனை இதைத் தாங்கும். ஆனாலும் ஈறு வெளுத்திருந்தால் போன வாரம் எலி பிடித்ததா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். வைட்டமின் கே1 மாத்திரை வாரக்கணக்கில் கொடுத்தால் பிழைக்கும். புல்லுக்கு மருந்து அடிக்கும் நாளில் பூனையை வீட்டுக்குள் வையுங்கள். நனைந்த புல்லில் நடந்துவிட்டு அது பாதத்தை நக்கும். மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை, என்றாலும் பழைய புட்டி எதுவும் கொட்டகை மூலையில் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

விஷம் என்றால் வெளியிலிருந்து வருவது மட்டும் அல்ல. நான் பார்த்த விஷச் சம்பவங்களில் மனதை மிகவும் பாதித்தவை அன்பினால் நடந்தவை. பூனைக்குக் காய்ச்சல் என்று ஒரு பையன் பனடோல் பாதி மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டான். கொண்டுவந்தபோது முகமும் பாதமும் வீங்கி, ஈறு பழுப்பேறி இருந்தது. ஊசியில் எடுத்த இரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் வைத்தேன், மைலோ நிறத்தில் பரவியது. பனடோலில் இருக்கும் பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வேதிப்பாதை பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் முதல் சில மணி நேரத்திலேயே கொடுத்தால்தான் முழுப் பலன். அந்தப் பூனை பிழைக்கவில்லை. அந்தப் பையனிடம், உனக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் சொன்னேன். இதைப் படிப்பவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே போல நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். தலைவலித் தைலம் தடவ வேண்டாம், நக்கிவிடும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த கறிக்குழம்புச் சோறு தினமும் போட வேண்டாம், அவை இரத்தச் சிவப்பணுவை உடைக்கும்.

சண்டையில் கடிபட்ட பூனைக்கு மஞ்சள் பூசுவது நம் வழக்கம். மேல்தோல் சிராய்ப்பு என்றால் அதோடு போகட்டும். ஆனால் பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேலே புண்ணின் வாய் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். இரண்டு மூன்று நாளில் கன்னத்திலோ வால் அடியிலோ சூடாக வீங்கினால் கீறி எடுக்க வேண்டிவரும். இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது ஆறாத புண். மூக்கின் மேல், காதில், பாதத்தில் ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல், பொருக்குத் தட்டி, மறுபடி வாய் திறந்து பரவினால், அது ஸ்போரோதிரிகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். நம் நாட்டுப் பூனைகளிடம் இது நன்றாகவே காணப்படுகிறது, மனிதருக்கும் தொற்றும். பூனை கீறிய இடத்தில் ஒரு முடிச்சு வந்து, பிறகு கையோடு மேலே வரிசையாக முடிச்சுகள் ஏறினால், உங்கள் டாக்டரிடம் பூனையின் மூக்குப் புண்ணைப் பற்றியும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம். அந்தப் பூனையைக் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். பூஞ்சைக்கான மாத்திரை மாதக்கணக்கில் ஓடும், புண் ஆறியது போலத் தெரிந்த பிறகும் நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தித் திரும்பி வந்தவர்களே அதிகம்.

குட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாந்தி, பேதி, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமலே உட்கார்ந்திருப்பது, இவை சேர்ந்தால் பூனைப் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று பயப்பட வேண்டும். ஊசி போடாத குட்டி ஒரே நாளில்கூடப் போய்விடலாம். அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும், அதுவும் அழுக்கைக் கழுவிய பிறகு. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 16 வாரம் வரை போட வேண்டும். தும்மல், கண்ணில் பீளை, நாக்கில் புண் என்றால் சளிக் காய்ச்சல். பெரிய பூனை தேறிவிடும். மூக்கடைத்த குட்டிக்கு மணம் தெரியாது, மணம் தெரியாவிட்டால் தின்னாது, அங்கேதான் ஆபத்து. மீனைச் சற்றுச் சூடாக்கி வைத்துப் பாருங்கள்.

இளம் பூனைக்கு வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கி, முதுகெலும்பு தெரிய மெலிந்து, எந்த மருந்துக்கும் அடங்காத காய்ச்சல் இருந்தால் பூனைக் கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. என்ற நோயின் பெயரைச் சொல்வார்கள். பல வருடம் அந்தப் பெயரைச் சொல்லும்போதே நான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க மாட்டேன், ஏனென்றால் சொன்னால் சாவு என்று அர்த்தம். 2019-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு ஜி.எஸ்.-441524 என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை நோய் வந்த 31 பூனைகளுக்குக் கொடுத்து, பெரும்பாலானவை பிழைத்ததை வெளியிட்டது. இன்று அது குணமாகக்கூடிய நோய். உறுதியில்லாதது நோயைக் கண்டுபிடிக்கும் பகுதிதான். இதுதான் என்று அடித்துச் சொல்ல ஒற்றைப் பரிசோதனை கிடையாது. வயிற்றுத் தண்ணீர், இரத்தம், வயது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருகிறோம். முதலில் 84 நாள் மருந்து என்றிருந்தது. வயிற்றில் தண்ணீர் கோத்த வகைக்கு 42 நாளே போதலாம் என்று பிந்திய ஆய்வு காட்டுகிறது. எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வயதான பூனை திடீரென்று தண்ணீர் நிறையக் குடிப்பதை ‘வெயில்’ என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் வெயில் புதிதா என்ன, முன்பு குடிக்காத பூனை இப்போது ஏன் குடிக்கிறது? சிறுநீரகம் தளர்கிறது அல்லது சர்க்கரை நோய். நன்றாகத் தின்றும் மெலிகிறது என்றால் தைராய்டும் சந்தேகப் பட்டியலில் சேரும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் தராசில் ஏறி, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கழித்தால் போதும். நாலு கிலோ பூனைக்கு 400 கிராம் குறைவது அறுபது கிலோ மனிதருக்கு ஆறு கிலோ குறைவதற்குச் சமம், ஆனால் ரோமம் அதை மறைத்துவிடும். தெள்ளுப்பூச்சி, குடற்புழு, காதில் கறுப்பு அழுக்கு இவையெல்லாம் அடுத்த வாரம் வரை தாங்கும். குட்டிக்குத் தெள்ளு மொய்த்து ஈறு வெளுத்திருந்தால் மட்டும் தாங்காது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. போனதும் வெட்கப்படாமல் எங்களிடம் இத்தனை வெள்ளிதான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லுங்கள். எதை முதலில் செய்ய வேண்டும், எதை விடலாம் என்று அதற்குள் திட்டம் போட எங்களால் முடியும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல் மூன்றாம் நாள் பில்லைப் பார்த்துப் பூனையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வேதனையாக இருக்கும். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கும் போன் செய்து கேட்கலாம். இடத்துக்கு இடம் வசதி மாறும், அவசர இரவுகளில் அதை மட்டும் நம்ப முடியாது.

இப்போது உங்கள் பூனைக்கு வருவோம். கூண்டு இல்லாவிட்டால் துணிக்கூடையோ, தலையணை உறையோ போதும், உறையின் வாயைத் தளர்வாகக் கட்டி, காற்று போகும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குந்தும்போது போனில் பத்து வினாடி வீடியோ எடுங்கள், நீங்கள் விளக்கிச் சொல்வதைவிட அது எங்களுக்கு அதிகம் சொல்லும். கிளம்பும் முன்பே கிளினிக்குக்குப் போன் போட்டு, “ஆண் பூனை, நேற்றிலிருந்து சிறுநீர் போகவில்லை” என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். வெறுமனே ‘உடம்பு சரியில்லை’ என்றால் வரிசையில் உட்கார வைப்பார்கள். இப்படிச் சொன்னால் உள்ளே குழாயை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.